துணி இல்ல பாஸ்... திரி!

உங்க வீட்டுல அம்பாஸடர், பத்மினின்னு பழைய வண்டி ஏதாவது நிக்குதா? கிட்டப் போனா லேசா பெட்ரோல் வாசம் அடிக்குதா? 'பழசுன்னா அப்படித்தான்'னு சொல்ற ஆளா நீங்க? நானும் அப்படிச் சொன்னவன்தான். என் கதையைக் கொஞ்சம் கேளுங்க!

மடத்துக்குளத்துல எங்க அப்புச்சி வீடு. 84 மாடல் அம்பாஸடர்தான் அவரோட செல்லப்பிள்ளை. 2014-ல தயாரிப்பே நின்னு போச்சு, எங்க வண்டி மட்டும் நிக்கவே இல்ல! லீவுக்குப் போனப்ப பார்த்தா, கார்புரேட்டருக்குப் போற ரப்பர் ட்யூப் மூட்டுல கசிவு. "எஞ்சினீயருக்குப் படிக்கற பேரன் பாத்துக்குவான்"னு அப்புச்சிக்கு ஒரே பெருமை. நம்ம ஏரியாவுல பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமா? ஒரு கொத்தை எடுத்து இறுக்கிக் கட்டினேன். சொட்டு நின்னுடுச்சு. ஹீரோ ஆயிட்டேன்!

மறுநாள் எல்லாரும் பழனிக்குக் கிளம்பினோம். "ஏங்கண்ணு, பெட்ரோல் நாத்தம் கொமட்டுது"ன்னாங்க அம்மிச்சி. "கண்ணாடியை எறக்கிக்குங்க அம்மிச்சி, பழைய வண்டின்னா அப்படித்தான்"னு வாயை அடைச்சிட்டேன்.

திரும்பும்போது செல்ஃப் எடுக்கல. மெக்கானிக் அண்ணன் வந்து பானெட்டைத் தூக்கினார். என் கட்டை அவிழ்த்துப் பிழிஞ்சார். பெட்ரோல் ஒழுகிச்சு. "இது துணி இல்ல தம்பி, திரி. கீழ என்ன இருக்குன்னு பாரு."

பார்த்தேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு! அந்த எஞ்சின்ல கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். ஓடும்போது அது சில நூறு டிகிரி கொதிக்கும். பெட்ரோலோ மைனஸ் 40 டிகிரியிலயே பத்திக்கற ஆவியைக் கக்கும். அந்த ஆவி காத்தைவிட கனம், தரையோட ஊர்ந்து போய்த் தேங்கும். ஷெட்டுல ஒரு தீக்குச்சி போதும். பாடத்துல படிச்சு மார்க்கும் வாங்கின விஷயம்தான். கை நடுங்கிடுச்சு பாஸ்.

இன்னொரு சேதி. 2023-ல இருந்து 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் வர ஆரம்பிச்சுது. எங்க ஊரைச் சுத்தி விளையுதே கரும்பு, அதுல இருந்தும் எத்தனால் எடுக்கறாங்க. பழைய ரப்பருக்கு அது ஆகாது. ஊதும், வெடிப்பு விடும்.

அதனால, எத்தனால் தாங்கற புது ட்யூப், நல்ல கிளிப் போடுங்க. ஆறு மாசத்துக்கு ஒருதடவை தொட்டுப் பாருங்க. வாசம் வந்தா ஸ்டார்ட் பண்ணவே வேணாம். சீட்டுக்குப் பக்கத்துல பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும். ஓடும்போது புகை வந்தா ஓரங்கட்டி எஞ்சினை அணைங்க, எல்லாரையும் இறக்கித் தள்ளி நிறுத்துங்க, 101-ஐக் கூப்பிடுங்க. பானெட்டை முழுசா தூக்காதீங்க, காத்து புகுந்து தீ எகிறும். தண்ணி ஊத்தவே கூடாது, எரியற பெட்ரோல் அதுமேல மிதந்து பரவும்.

இப்ப எங்க வண்டியில புது ட்யூப். கிளம்பறதுக்கு முன்னாடி நான் கேக்கற முதல் கேள்வி: "அம்மிச்சி, ஏதாச்சும் வாசம் வருதுங்களா?"