தாயமா... இருபதா? எஸ்ஸன் நகரத்தில் ஒரு பகடை யுத்தம்!

ஜெர்மனியில் எஸ்ஸன்னு ஒரு ஊர் இருக்கு பாஸ். ஜெர்மன் மொழியில் ‘எஸ்ஸன்’ என்றால் சாப்பாடு! ‘ஆஹா, நமக்கேத்த ஊர்டா’ என்று நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு போனேன். ஆனால் அங்கே என் கையில் கிடைத்தது இருபது முகம் கொண்ட ஒரு பகடை.

முதல்ல முன்கதைச் சுருக்கம். நான் மெக்கானிக்கல், மூணாவது வருஷம். ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சில் ஆஹன் நகரத்துக்கு வந்தேன். வந்த புதுசுல ஃப்ரெண்ட்ஸ் யாரும் கிடையாது. தமிழ் பேசணும்னா அம்மாவுக்கு போன் போடணும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நூடுல்ஸ் கிண்டலாம்னு ஹாஸ்டல் கிச்சனுக்குப் போனால், மேஜையைச் சுத்தி ஆறு பேர். ஒருத்தன் எழுந்து நின்று கத்துறான்: ‘‘நான் கதவை உடைக்கிறேன்!’’

அங்கே கதவே இல்லை!

அப்புறம்தான் புரிந்தது, அது ரோல்பிளேயிங் கேம். ஒருத்தர் கதை சொல்லி. மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம்... வீரன், திருடன், மந்திரவாதி. ‘நீ காட்டுக்குள்ள நிக்கிற, எதிர்ல ஒரு பாழடைஞ்ச கோட்டை, என்ன பண்ணப் போற?’ என்று கதை சொல்லி கேட்பார். நீங்க சொல்றதுதான் கதை. நினைச்சது நடக்குமா, சொதப்புமான்னு பகடை சொல்லும். நம்ம பாட்டியின் கதையும் தாயக்கட்டையும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன பிறக்குமோ, அது!

அந்த ஆறு பேரும் இரண்டு கட்சி. மூணு பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 1974-ல் கொண்டுவந்த ஆட்டம். உலகம் முழுக்க இதுதான் சூப்பர் ஸ்டார். மீதி மூணு பேர் ‘டாஸ் ஷ்வார்ட்ஸே ஆவ்கே’. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கும் என்பதால் சுருக்கமாக ‘டே எஸ் ஆ’. அர்த்தம் ‘கறுப்புக் கண்’. 1984-ல் வந்த சுத்தமான ஜெர்மன் சரக்கு. இங்கிலீஷில் அப்படியே ‘பிளாக் ஐ’ என்று போட்டால் குத்து வாங்கி வீங்கின கண் என்று அர்த்தமாயிடும். அதனால் அங்கே ‘தி டார்க் ஐ’ என்று பெயரை மாத்தி விட்டார்கள்!

மூணுக்கு மூணு. எந்த வெள்ளிக்கிழமை எந்த ஆட்டம்னு காசு சுண்டித்தான் முடிவு. இந்த நேரத்துல ஏழாவது ஆளா நான் போய் நிக்கிறேன். இழுபறி சட்டசபையில் ஒரே ஒரு சுயேச்சை எம்.எல்.ஏ. மாதிரி! அன்னிக்கு நைட்டே எனக்கு ரெண்டு கேக், மூணு டீ.

என் ஓட்டைப் பிடிக்கத்தான் அக்டோபரில் எஸ்ஸனுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே வருஷா வருஷம் நாலு நாள் நடக்கும் ‘ஷ்பீல்’ விளையாட்டுக் கண்காட்சி, 1983-ல் இருந்து நடக்கிறது. 2024-ல் மட்டும் 2 லட்சத்துக்கும் மேல் கூட்டம். நம்ம ஊர் புத்தகக் கண்காட்சியைப் பெரிய பெரிய ஹால்களில் விரிச்சு, புத்தகத்துக்குப் பதிலா விளையாட்டுப் பெட்டிகளை அடுக்கினா எப்படி இருக்கும்? அதேதான்.

ஆஹனில் ஆர்.இ. 1 ரயில் ஏறினால் கொலோன், டுஸல்டார்ஃப், டூயிஸ்பர்க் வழியாக எஸ்ஸன். கொலோன் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் ஜன்னலில் தெரிந்தபோது போட்டோ எடுக்கலாம்னு எழுந்தேன். ‘‘உக்காரு, கோபுரம் எங்கேயும் போகாது!’’ என்று இழுத்து உட்கார வைத்தான் டி அண்ட் டி கட்சித் தலைவன். அவனுக்கு நான் வைத்த பெயர் ‘தாடி’. எதிர்க்கட்சித் தலைவி ‘ஸ்கார்ஃப்’. வெயில் காலத்திலும் கழுத்தில் ஒரு பச்சை ஸ்கார்ஃப் இருக்கும்.

‘‘எங்க ஆட்டத்துல ஒரு பகடை. உருட்டு, உன் திறமையைக் கூட்டு, இலக்கைத் தாண்டிட்டா பாஸ். முடிஞ்சுது கதை’’ என்றான் தாடி.

‘‘ஆமா, கதவைத் திற, அரக்கனை வெட்டு, தங்கத்தை அள்ளு. முடிஞ்சுது கதை’’ என்றாள் ஸ்கார்ஃப்.

‘‘உங்க ஆட்டத்துல சுவர் ஏறணும்னா மூணு பகடை. அவன் ஏறி முடிக்கிறதுக்குள்ள சுவரே இடிஞ்சிடும்!’’

அவன் சொன்னது நிஜம். டே எஸ் ஆ-வில் ஒரு காரியம் செய்ய இருபது முகப் பகடையை மூணு முறை உருட்டணும். ஒவ்வொண்ணும் உங்க குணத்துக்கான எண்ணுக்குள்ள விழணும். நமக்குத்தான் இன்ஜினீயரிங் புத்தி சும்மா இருக்காதே! டிக்கெட்டின் பின்னாடியே கணக்குப் போட்டேன். மூணு குணமும் 12 என்றால், பயிற்சியே இல்லாதவன் ஜெயிக்க சுமார் 22 சதவிகிதம்தான் வாய்ப்பு. ஆனால் திறமைப் புள்ளி 7 இருந்தால், எண்ணைத் தாண்டினதை அதை வைத்துச் சரிக்கட்டலாம். வாய்ப்பு 69-க்கு எகிறிடும். ‘‘கத்துக்கிட்டவன் பிழைப்பான்’’ என்று ஸ்கார்ஃப் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். ‘‘கால்குலேட்டர் வெச்சிருக்கிறவன் பிழைப்பான்’’ என்றான் தாடி.

எஸ்ஸனில் இறங்கினால் அரசியல் இன்னும் சூடு. ஒரு காலத்தில் இது நிலக்கரி ஊர். இங்கே உள்ள ட்ஸோல்ஃபெரைன் சுரங்கம் 1986-ல் மூடப்பட்டு, 2001-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது. ‘‘பார்த்தியா, ஊருக்கு அடியில பூரா பாதாளம். இது எங்க ஊர்!’’ என்றான் தாடி. ‘‘தோண்டினது ஜெர்மன்காரன்’’ என்றாள் ஸ்கார்ஃப்.

யு11 ரயிலில் மூச்சுவிட இடமில்லை. வாளோடு ஒரு தாத்தா, அவர் தோளில் துணி டிராகன். அவர்தான் எனக்கு இடம் கொடுத்தார். கண்காட்சிக்குள்ளே மாவு மில் மாதிரி ஒரு இரைச்சல். ஆயிரக்கணக்கான பகடைகள் ஒரே நேரத்தில் உருண்டால் அப்படித்தான் கேட்குமாம். ஒரு கடையில் பகடையைப் படியில் அளந்து விக்கிறாங்க, நம்ம ஊர் வேர்க்கடலை மாதிரி!

ஒரு மேஜையில் டி அண்ட் டி டெமோ. தாடி என்னை உட்கார வைத்தான். நான் ஒரு வீரன். எதிரில் பூதம். மேஜையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. உருட்டினேன். பகடை சுத்தி, தள்ளாடி, நின்றது... ஒண்ணு!

என்னை அறியாமல் கத்திவிட்டேன்: ‘‘தாயம்ம்ம்!’’

மேஜையில் மயான அமைதி. டி அண்ட் டி-யில் 20-தான் ராஜா. தாக்கும்போது 1 விழுந்தால் கண்டிப்பாகக் குறி தப்பும். என் வாள் காற்றை வெட்டியது. நானோ கைகொட்டிச் சிரிச்சுக்கிட்டிருக்கேன்! ‘‘ஏன் சந்தோஷப்படுற?’’ என்று கதை சொல்லி பாவமாகக் கேட்டார். எங்க ஊரில் ஒண்ணு விழுந்தாத்தான் காய் வெளியே இறங்கும், ஒண்ணுக்காகப் பாட்டி சாமிகிட்ட வேண்டிக்குவாங்க என்று விளக்கினேன்.

பின்னாலிருந்து ஸ்கார்ஃபின் விசில்! ‘‘டே எஸ் ஆ-விலும் ஒண்ணுதான் உச்சம், இருபதுதான் நாசம். இவன் பிறவியிலேயே எங்க கட்சி!’’ ‘‘பாட்டி ஓட்டு செல்லாது!’’ என்று தாடி கத்த, வாள் தாத்தா வரைக்கும் பஞ்சாயத்துப் போச்சு.

ராத்திரி திரும்பும் ரயிலில் ரெண்டு கட்சியும் களைத்துப்போய் ஒரே சிப்ஸ் பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஸ்கார்ஃப் அந்தக் கதையைச் சொன்னாள். டி அண்ட் டி-யை ஜெர்மனில் கொண்டுவர ஷ்மிட் ஷ்பீலே கம்பெனி ஆசைப்பட்டது. அமெரிக்கர்களோடு பேச்சு படியவில்லை. ‘அப்ப நாமே ஒண்ணு செய்வோம்’ என்று உல்ரிச் கீஸோவிடம் வந்தார்கள். அவர் யார் தெரியுமா? அதற்கு முன்னால் டி அண்ட் டி-யை ஜெர்மனில் மொழிபெயர்த்தவரே அவர்தான்! எதிரி வீட்டுச் சமையல் முழுக்கத் தெரிஞ்சவர் தனிக்குடித்தனம் போன கதை. அப்படிப் பிறந்ததுதான் டே எஸ் ஆ.

‘‘எனக்கு அப்போ பத்து வயசு. இங்கிலீஷ் தெரியாது. கோட்டையையும் காட்டையும் நான் ஜெர்மன்லதான் முதல்ல பார்த்தேன். அதான் விட மாட்டேங்கிறேன்’’ என்றாள். தாடி கிண்டல் எதுவும் செய்யவில்லை. ‘‘நானும் அதுலதான் ஆரம்பிச்சேன்’’ என்று மெதுவாகச் சொன்னான். அடப்பாவி! கட்சி மாறினவனா நீ!

அப்புறம் அவள் சாதாரணமாகக் கேட்டாள்: ‘‘உங்க மொழியில இப்படி ஆட்டம் இருக்கா?’’

நான் பார்த்ததில்லை என்றேன். ஜன்னலைப் பார்த்தேன். யோசிச்சுப் பார்த்தா, எல்.கே.ஜி-யில் இருந்து இங்கிலீஷில் படிச்சு, இங்கிலீஷில் லேப் ரெக்கார்டு எழுதி, இங்கிலீஷில் வைவாவுக்குப் பயந்தவன் நான். ஆனா பூதம் எதிரில் நின்றபோது வாயில் வந்தது ‘தாயம்’. மூணு வாரமா அந்த ஊரில் நான் வாய்விட்டுக் கத்தின முதல் வார்த்தையும் அதுதான்.

அன்னிக்கே நோட்டைத் திறந்தேன். ஒரு மலை, ஒரு குகை, வற்றிப்போன ஏரி, ராத்திரியில் மட்டும் பேசும் ஒரு ஐயனார் குதிரை. முதல் விதி: தாயம் விழுந்தாத்தான் ஆட்டம் ஆரம்பம். அடுத்த வெள்ளிக்கிழமை அதே கிச்சனில், பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், மீதி கை ஜாடையில் ஆறு பேருக்கும் கதை சொன்னேன். முக்கால் மணி நேரம் தாயமே விழலை. ஆட்டமே ஆரம்பிக்கலை!

‘‘இதென்ன விதி!’’ என்று தாடி. ‘‘இது நியாயமே இல்லை!’’ என்று ஸ்கார்ஃப். சரித்திரத்தில் முதல் முறையாக ரெண்டு கட்சியும் கூட்டணி.

எனக்கு எதிரா!