மழைக்கு ஒரு விசை கூடுதல்

நுழையும்முன்

ஆசிரியர் எல்லாவற்றையும் கற்று முடித்தவர் என்று மாணவர் எண்ணுவது இயல்பு. ஆனால், ஐம்பது வயதை நெருங்கும்போது மீண்டும் மாணவராகிப் பயிற்சி வகுப்பில் அமரும் ஆசிரியர்களும் உண்டு. கேரளத்தின் எல்லைப்புறத்தில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கணினி கற்ற கதை இப்பாடம். அவர் ஏன் கற்றார் என்பதே இதில் முதன்மையானது.

மலையில் ஒரு பள்ளி

அந்த ஆசிரியை பிறந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்தது அவ்வூர். பனைமரங்களும் வயல்களும் நிறைந்த சமவெளி அது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று அங்கு ஆண்டின் பல மாதங்கள் ஓயாது வீசும். அவருக்குப் பணி கிடைத்ததோ இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில். அங்கே எங்கு நோக்கினும் தேயிலை மலைகள். காலை ஒன்பது மணிக்கும் கலையாத மூடுபனி. இரண்டு ஊர்களும் கேரளத்தில்தான் உள்ளன. இரண்டு ஊர்களிலும் பல வீடுகளில் பேசப்படும் மொழி தமிழ்.

அவருடைய மாணவர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள். முப்பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த குடும்பங்கள் அவர்களுடையவை. லயங்கள் என்று அழைக்கப்படும் வரிசை வீடுகளிலிருந்து அவர்கள் பள்ளிக்கு நடந்து வருவார்கள். கேரள வழக்கப்படி அவரை ‘டீச்சர்’ என்றே அழைப்பார்கள்.

தமிழ்வழி வகுப்புகளுக்குரிய வினாத்தாள்களை டீச்சர் தம் கையாலேயே எழுதி நகலெடுத்துக் கொடுப்பார். அவருடைய கையெழுத்து அழகானது. அதனால், கணினியில் தமிழ் எழுத வேண்டிய தேவை அவருக்கு நெடுங்காலம் ஏற்படவில்லை. அலுவலகக் கடிதங்களுக்காக மலையாளத்தில் தட்டச்சு செய்ய மட்டும் ஓரளவு பழகியிருந்தார்.

வெற்று விடைத்தாள்

2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டீச்சரின் மணிக்கட்டில் வலி கண்டது. அதனால், ஆறாம் வகுப்பின் வினாத்தாளைத் தட்டச்சு செய்யும் கடை ஒன்றில் கொடுத்தார். கடைக்காரர் தம் கணினியில் இருந்த பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தார். அச்சிட்டது வேறொரு கணினியில். அந்தக் கணினியில் அதே எழுத்துரு இல்லை. எனவே, தாளின் பல வரிகள் கட்டங்களாகவும் பொருளற்ற குறிகளாகவும் மாறிப்போயின.

தேர்வு நாளன்று டீச்சர் வேறு பணிக்காக வெளியூர் சென்றிருந்தார். தேர்வறையில் இருந்த கணித ஆசிரியருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மாணவர் சிலர், இருந்த சொற்களைக் கொண்டு ஊகித்து விடை எழுதினர். ஒரு சிறுமி மட்டும் வெற்றுத்தாளைக் கொடுத்தாள்.

மறுநாள் டீச்சர் அவளை அழைத்துக் காரணம் கேட்டார். அவள் தலைகுனிந்தவாறே, “எனக்கு இந்த எழுத்தெல்லாம் தெரியாது டீச்சர், நான் இன்னும் சரியாகப் படிக்கவில்லை” என்றாள்.

பிழை அச்சில் இருந்தது. அதைத் தன் பிழை என்று அவள் நம்பியிருந்தாள். டீச்சர் அவளிடம், “பிழை உன்னுடையது இல்லை அம்மா” என்று சொல்லி, வேறொரு தாளைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அன்று மணிக்கட்டு வலித்ததை அவர் பெரிதாக எண்ணவில்லை. ஆனால், அச்சிறுமியின் சொற்கள் அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

எழுத்துக்கு ஓர் எண்

எழுத்துகள் ஏன் கட்டங்களாக மாறின? கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்தையும் அது ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. பழைய எழுத்துருக்களில் எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை அவற்றை உருவாக்கியவர்களே தத்தம் விருப்பப்படி முடிவு செய்தனர். ஆகவே, ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றோர் எழுத்துருவால் படிக்க இயலவில்லை.

இக்குறையைப் போக்க வந்த பொதுமுறையே ஒருங்குறி. இது ‘யூனிகோடு’ என்றும் வழங்கப்படும். 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. உலக மொழிகளின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணை அது வழங்குகிறது. தமிழின் ழகரத்துக்கு உரிய எண் 2996. மலையாளத்தின் ழகரத்துக்கு உரிய எண் 3380. சென்னையில் எழுதினாலும் சிங்கப்பூரில் எழுதினாலும் இவ்வெண்கள் மாறுவதில்லை. எனவே, ஒருங்குறியில் எழுதிய தமிழை வேறொரு கணினியிலும் தமிழாகவே படிக்கலாம்.

கோடை விடுமுறைப் பயிற்சி

கேரள அரசு 2001-ஆம் ஆண்டிலேயே ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிப் பள்ளிகளுக்குக் கணினியைக் கொண்டு சென்றது. கல்விக்கென்றே இந்தியா செலுத்திய எடுசாட் செயற்கைக்கோள் 2004-ஆம் ஆண்டு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் ஏறியது. அதன் வழியே இயங்கிய ‘விக்டர்ஸ்’ கல்வி அலைவரிசையை, இராமேசுவரத்தில் பிறந்த குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் 2005-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தார். 2017-ஆம் ஆண்டில் அத்திட்டம் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான 45,000 வகுப்பறைகளில் மடிக்கணினியும் ‘புரொஜெக்டர்’ எனப்படும் படவீழ்த்தியும் அமைக்கும் பணி தொடங்கியது.

கருவிகள் மட்டும் வந்தால் போதுமா? அவற்றைக் கையாள ஆசிரியருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகவே பயிற்சி வகுப்புகள் நடத்தப்பட்டன.

அந்தக் கோடை விடுமுறையில் டீச்சரும் பயிற்சிக்குச் சென்றார். அங்கே பெரும்பாலோர் அவரைவிட இளையவர்கள். சுட்டியைப் பிடித்த அவர் கை நடுங்கியது. ஏதேனும் ஒரு விசையை அழுத்திக் கருவியைக் கெடுத்துவிடுவோமோ என்று அவர் அஞ்சினார். மலையாளத்தில் எழுதச் சொன்னபோது எழுதினார். தமிழில் எழுதச் சொன்னதும் கையை எடுத்துக்கொண்டார்.

“தமிழுக்கு வேறு விசைப்பலகை அல்லவா? அதை இனிமேல்தான் நான் படிக்க வேண்டும்” என்றார்.

பயிற்சியாளர் மலையாளி. அவர் புன்னகைத்து, “டீச்சர், முதலில் மலையாளத்தில் ‘மழ’ என்று எழுதுங்கள்” என்றார். டீச்சர் ஆங்கில எழுத்து ‘சி’ இருக்கும் விசையை அழுத்தினார், மகரம் வந்தது. ‘ஷிப்ட்’ விசையுடன் ‘பி’ விசையை அழுத்தினார், ழகரம் வந்தது.

“இப்போது மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு, அதே விசைகளை அழுத்துங்கள். பிறகு ‘டபிள்யூ’ விசையையும் அழுத்துங்கள்.”

திரையில் ‘மழை’ என்று தோன்றியது.

டீச்சர் சற்று நேரம் அச்சொல்லையே பார்த்திருந்தார். மலையாளத்து மழைக்கும் தமிழ் மழைக்கும் இடையே ஒரே ஒரு விசைதான் கூடுதல்!

இது தற்செயலாக அமைந்தது அன்று. இந்திய மொழிகளுக்கான ‘இன்ஸ்கிரிப்ட்’ விசைப்பலகையை இந்திய அரசின் மின்னணுவியல் துறை 1986-ஆம் ஆண்டில் வரையறுத்தது. ககரம் எந்த மொழியில் இருந்தாலும் அதற்கு ஒரே விசை, மகரமும் அவ்வாறே. ஆகவே, ஒரு மொழியில் பழகிய கை மற்றொரு மொழியிலும் எளிதில் எழுதும். தமிழ்நாட்டில் பலரும் பயன்படுத்தும் ‘தமிழ் 99’ விசைப்பலகை 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவானது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. எதில் எழுதினாலும் ஒருங்குறியில் பதிவாகும் எண் ஒன்றே.

பயிற்சியாளர் அடுத்த மேசைக்குச் சென்றபின், டீச்சர் தாமாகவே ஒரு சொல்லை எழுத முயன்றார். விசைகளைத் தேடித் தேடி அழுத்தினார். இரண்டு முறை அழித்து எழுதினார். முடிவில் திரையில் நின்ற சொல் ‘கொழிஞ்சாம்பாறை’.

குறிப்பேடு

பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்பில் முதல் நாளே டீச்சருக்குச் சோதனை ஏற்பட்டது. படவீழ்த்தியில் ஒளி வந்தது, படம் வரவில்லை. அவர் திகைத்து நின்றார். கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து வந்து, தளர்ந்திருந்த கம்பியைச் சரியாகச் செருகினான். “நன்றி தம்பி, இதை எனக்கும் சொல்லிக் கொடு” என்று டீச்சர் கேட்டதும் வகுப்பறை வியப்பில் ஆழ்ந்தது. டீச்சர் தங்களிடம் பாடம் கேட்பதை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை.

அன்று முதல், தாம் கற்றதையெல்லாம் டீச்சர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தார். அதன் முதல் பக்கத்தில் இருந்தவை இவை:

1. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே கருவியை இயக்கிப் பார்க்க வேண்டும்.
2. தமிழை ஒருங்குறியில் மட்டுமே எழுத வேண்டும். அச்சிட்ட முதல் தாளை முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும்.
3. ஒரு கோப்பை இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும்.
4. திரையில் சில வரிகளே இருக்க வேண்டும். கடைசி வரிசையில் அமர்ந்து அவற்றைத் தாமே படித்துப் பார்க்க வேண்டும்.
5. மாணவரின் மதிப்பெண்ணையும் தொலைபேசி எண்ணையும் திரையில் காட்டலாகாது.
6. மின்சாரம் நின்றால் பாடம் நிற்கலாகாது. மேசையில் சுண்ணக்கட்டி எப்போதும் இருக்க வேண்டும்.

ஆறாவது குறிப்பு மலைநாட்டின் மழைக்காலத்தில் அடிக்கடி பயன்பட்டது.

குரல் மட்டும் போதும்

2020-ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூன் 1 அன்று ‘பர்ஸ்ட் பெல்’ என்னும் வகுப்புகள் விக்டர்ஸ் அலைவரிசையில் தொடங்கின. தமிழ்வழி மாணவர்களுக்கும் கன்னடவழி மாணவர்களுக்கும் அவரவர் மொழியில் பாடங்கள் உருவாக்கப்பட்டன. ஆனால், மலையின் பல லயங்களில் கைப்பேசிக்கு அலைத்தொடர்பு கிடைக்கவில்லை. இணையத்தில் இருக்கும் பாடம் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

டீச்சர் சிந்தித்தார். ஒரு நிமிடக் காணொலி பிடிக்கும் இடத்தில் பல நிமிடக் குரற்பதிவு அடங்கும் என்று அவர் பயிற்சியில் கற்றிருந்தார். எனவே, நாள்தோறும் இரவில் பாடத்தை மெதுவாகப் படித்து, விளக்கி, தம் கைப்பேசியில் பதிவு செய்தார். அலைத்தொடர்பு கிடைக்கும் சாலை முனைக்கு வந்த பெரிய மாணவர்கள் அப்பதிவைப் பெற்று, ‘புளூடூத்’ வழியாக ஒரு கைப்பேசியிலிருந்து மற்றொரு கைப்பேசிக்கு மாற்றினர். அதற்கு இணையம் தேவைப்படவில்லை.

வெற்றுத்தாள் கொடுத்த அச்சிறுமி அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். அவள் வீட்டில் கைப்பேசி ஒன்றே. தேயிலை பறித்துவிட்டு அம்மா மாலையில் திரும்பிய பிறகே அது அவள் கைக்கு வரும். அவள் பாடம் கேட்கும்போது, அடுப்பருகே இருந்த அம்மாவும் கேட்பார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். “டீச்சரை அந்தப் பகுதியை இன்னொரு தடவை சொல்லச் சொல்லு” என்று ஒருநாள் அம்மா கேட்டார். பதிவை மீண்டும் ஓடவிட்டு அம்மாவுக்குக் காட்டினாள் மகள்.

பள்ளி மீண்டும் திறந்தபோது அச்சிறுமி கணினி அறைக்கு வந்தாள். டீச்சர் தட்டச்சு செய்திருந்த வினாத்தாளின் முதற்படியை அவளிடம் கொடுத்து, “எல்லா எழுத்தும் சரியாக வந்திருக்கிறதா, பார்” என்றார். அவள் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். பின்னர் நிமிர்ந்து, “மூன்றாவது கேள்வியில் ‘மழை’ என்பதில் ஐகாரம் விட்டுப்போயிருக்கிறது டீச்சர்” என்றாள்.

டீச்சர் ‘டபிள்யூ’ விசையை அழுத்தினார்.

அருஞ்சொற்பொருள்

ஒருங்குறி – எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண்முறை
எழுத்துரு – கணினியில் எழுத்தின் வடிவத் தொகுப்பு
லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடு
காணொலி – ஒளியும் ஒலியும் சேர்ந்த பதிவு

பயிற்சி

1. சிறுமி வெற்று விடைத்தாளைக் கொடுத்ததற்குக் காரணம் என்ன?
2. மலையாளம் தெரிந்த டீச்சருக்குத் தமிழ்த் தட்டச்சு எளிதானது எவ்வாறு?
3. டீச்சரின் ஆறு குறிப்புகளுள் உமக்கு மிகவும் தேவையானது எது? ஏன்?
4. உம் பெற்றோர் பிறந்த ஊரின் பெயரைக் கணினியிலோ கைப்பேசியிலோ தமிழில் எழுதுக. அவ்வூரைப் பற்றி அவர்களிடம் கேட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.