தாம்பரம் டு பாரிஸ்... வழி: நன்னூல்!

சனிக்கிழமை காலையில் தாம்பரம் ஸ்டேஷனில் பீச் வண்டி ஏறி, ஜன்னலோர ஸீட்டும் கிடைத்துவிட்டால் அன்றைக்கு ராசிபலன் பார்க்கவே வேண்டாம். எனக்குக் கிடைத்தது!

எதிரே ஒரு இளைஞர், மடியில் புத்தகத்தோடு ஏதோ முணுமுணுத்தபடி வந்தார். மந்திரமாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். பிரெஞ்சு!

"நுங்கம்பாக்கத்துல இறங்கி, காலேஜ் ரோடு அலியான்ஸ் பிரான்சேஸ்ல கிளாஸ் ஸார். அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு. போன தடவை அதுலதான் கோட்டை விட்டேன். இந்தத் தடவை பாஸானா ஆபீஸ்ல பாரிஸ் அனுப்புவாங்க" என்றார்.

"அப்படியென்ன கஷ்டம்?"

"எழுதறது ஒண்ணு, சொல்றது ஒண்ணு ஸார்!"

வாஸ்தவம். 2010-ல் ஒரகடத்தில் கார் தொழிற்சாலை திறந்ததிலிருந்து 'ரெனால்ட்' நமக்குப் பழக்கமான பெயர். பிரெஞ்சுக்காரர் காதில் விழ வேண்டியதோ 'ரெனோ'. ஏழு எழுத்து எழுதி, நாலு ஒலிதான் சொல்கிறார்கள். நமக்குத் தமிழில் இரண்டே எழுத்து. யார் சிக்கனம், நீங்களே சொல்லுங்கள்!

"வார்த்தையை அசை பிரிக்கறது எப்படி?" என்றேன்.

இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அடுத்த உயிரோடு போய்விடுமாம்: 'அ-மி' (நண்பன்). இரண்டு மெய் வந்தால் பெரும்பாலும் ஆளுக்கொன்று: 'பர்-லே' (பேசு). அட, நம்ம 'தாம்-ப-ரம்' மாதிரியேதான்! என்ன, அவர்கள் அழுத்தத்தைக் கடைசி அசையில் வைப்பார்கள்.

"பிரிச்சுடுவேன் ஸார். பேசும்போது வார்த்தையெல்லாம் ஒட்டிக்குதே! 'அவெக்'கும் 'எல்'லும் சேர்ந்தா 'அ-வெ-கெல்'!" ('அவளோடு' என்று அர்த்தம்.)

பி.காம். படித்த எனக்கு ஸ்கூல் தமிழய்யா நினைவுக்கு வந்தார். பாலும் ஆடையும் சேர்ந்தால் 'பா-லா-டை'. மெய்யில் முடிகிற சொல்லுக்குப் பக்கத்தில் உயிர் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்று நன்னூல் எப்போதோ சொல்லிவிட்டதே!

இன்னொரு வேடிக்கை. 'லே' என்பதன் கடைசியில் 'ஸ்' எழுதுவார்கள், சொல்லமாட்டார்கள். பக்கத்தில் 'அமி' வந்ததோ, 'லே-ஸ-மி' (நண்பர்கள்)! தூங்கிய குமாஸ்தா, மேனேஜரைக் கண்டு எழுந்த கதை. அந்த 'ஸ்' மட்டும் வண்டு மாதிரி ரீங்காரமிட வேண்டும்.

"மூக்கால பேசறதுதான் வரலை ஸார்."

"பல்லாவரம்னு வேகமாச் சொல்லுங்க. கடைசி 'ம்'முக்கு உதடு ஒட்டுதா?"

சொல்லிப் பார்த்தார். ஒட்டவில்லை. ஒலி மூக்கு வழியே நழுவியது. 'போன்ஜூர்' சொல்லும்போது நடுவிலுள்ள 'ன்'னுக்கும் அதே வித்தைதான். நாக்கு மேலே ஒட்டக் கூடாது.

"இது நமக்குத் தினமும் வர்றதுதானா ஸார்!" முகம் மலர்ந்து, கை குலுக்கி நுங்கம்பாக்கத்தில் இறங்கினார்.

பெருமையாக உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இறங்க வேண்டிய கிண்டி போய் நாலு ஸ்டேஷன் ஆகிவிட்டது!