சிவப்பு மையில் அடித்த விடை

ஒரு மாணவனின் சரியான விடையைத் தவறு என்று அடித்தேன். அது சரி என்று அன்று இரவே தெரிந்தும் அவனிடம் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது ஸ்ரீரங்கத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு டியூஷன் எடுத்து வந்தேன். இயற்கணிதக் கோவைகளால் சதுரத்தின் பரப்பு காணும் பாடம். ஊரையே கணக்காகக் கொடுத்தேன். கோயிலைச் சுற்றி உத்திர வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, அதற்கும் வெளியே அடையவளஞ்சான். இவை உண்மையில் செவ்வகச் சுற்றுகள். கணக்குக்காகச் சதுரம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். உள்சதுரத்தின் பக்கம் ப, சுற்றியோடும் வீதியின் அகலம் அ. வீதியின் பரப்பு மட்டும் என்ன?

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வெளிச்சதுரத்தின் பக்கம் ப + 2அ. ஆகவே (ப + 2அ)² − ப². விரித்தால் 4பஅ + 4அ². பாதிப் பிள்ளைகள் 4பஅ என்று நிறுத்திவிட்டார்கள். நான்கு மூலைகள் போயின. அந்த மூலைகள் லேசுப்பட்டவை அல்ல. ஒரு சதுரத்தோடு அதன் பக்கத்தின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 என்ற கணக்கை, 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல் குவாரிஸ்மி மூலைகளை நிரப்பித்தான் தீர்த்தார். நாலு பக்கமும் இரண்டரை அகலத்தில் பட்டை ஒட்டினார். மூலைகளின் பரப்பு 25, அதோடு 39 சேர்ந்தால் 64, பெரிய சதுரத்தின் பக்கம் 8. இருபுறமும் இரண்டரை போக, விடை 3.

அந்தப் பையன் ஒரு படம் வரைந்து, 4அ(ப + அ) என்று எழுதியிருந்தான். கழித்தலே இல்லை. சிவப்பு மையால் அடித்தேன்.

“சித்திரைத் தேர் போற மாதிரி பிரிச்சேன் சார்.”

“கதை வேண்டாம், ஃபார்முலாவைப் போடு.”

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தடுக்கவில்லை.

திருச்சிக்குத் திரும்பும் ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது புரிந்தது. தேர் ஒரு வீதி நெடுக ஓடி மூலையில் திரும்புகிறது. அந்த மூலையை, ஓடிவந்த வீதியோடே சேர்த்துவிட்டால் ஒவ்வொரு வீதியும் ப + அ நீளம், அ அகலம். நான்கும் ஒரே அளவு. எந்த மூலையும் விடுபடாது, இரண்டு முறை எண்ணப்படவும் செய்யாது. பக்கம் 10, அகலம் 2 என்று போட்டுப் பார்த்தேன். 196-இல் 100 போக 96. அவன் வழியில் 4 × 2 × 12, அதே 96. என் வழியைவிட அழகான வழி.

மறுநாள் சொல்லியிருக்கலாம். வாத்தியாருக்கே தெரியவில்லை என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்களே என்று பயந்தேன். அதைவிடப் பெரிதாக, நான் காணாததை ஒரு சின்னப் பையன் கண்டான் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்த வருஷம் அதே தேர் வழியைக் கரும்பலகையில் வரைந்தேன். யார் கண்டது என்று சொல்லவில்லை. புதுப் பிள்ளைகள் வியந்து பார்த்தார்கள். அந்த வியப்பையும் எனக்கே வைத்துக்கொண்டேன்.

அவன் பதினொன்றாம் வகுப்பில் கணக்கில்லாத குரூப் எடுத்தான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அது என்னால்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு என் வகுப்பில் அவன் படம் வரைந்து எந்தக் கணக்கும் போடவில்லை. சூத்திரத்தை எழுதினான், விடையை எழுதினான், நோட்டை நீட்டினான். அதற்கெல்லாம் நான் முழு மதிப்பெண் போட்டேன்.