சினிமாபட்டிக்குப் பக்கத்து ஊர்

தமிழ் சினிமா எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு சீருடை தைத்து வைத்திருக்கிறது. மடித்துக் கட்டிய வேட்டி, காதோரம் வரை முறுக்கிய மீசை, சட்டைக்குள் முதுகோடு செருகிய அரிவாள். வாகனம் என்றால் டாடா சுமோ. ஒன்று வராது, ஆறு சேர்ந்துதான் வரும். இயக்குநர் ஹரியின் படங்களில் அவை வானத்திலும் போகும். 'சாமி', 'ஐயா', 'தாமிரபரணி', 'சிங்கம்' என்று திருநெல்வேலியும் தூத்துக்குடியும் பத்து வருடங்களுக்குத் திரையில் புழுதியும் ரத்தமுமாகவே இருந்தன. சென்னையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊர் எது என்று கேட்டவர்களிடம் கோவில்பட்டிப் பக்கம் என்றால், பாதிப் பேர் ஒரு அடி பின்னால் நகர்ந்து, "அரிவாளெல்லாம் வச்சிருப்பீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். கேள்வி மட்டும் சிரிப்பு இல்லை.

எங்கள் ஊர் இளையரசனேந்தல். கோவில்பட்டிக்கு மேற்கே, முழுக்கக் கரிசல். பழைய ஜமீன். நான் படிக்கும்போது சங்கரன்கோவில் தாலுகா, திருநெல்வேலி மாவட்டம். பிற்பாடு எங்கள் குறுவட்டத்தைப் பிய்த்துத் தூத்துக்குடி மாவட்டத்தோடு ஒட்டினார்கள். ஊராட்சி ஒன்றியம் மட்டும் பழைய குருவிகுளத்திலேயே நின்றது. பட்டாவுக்கு ஒரு மாவட்டம், ரோட்டுக்கு இன்னொரு மாவட்டம். ஸ்பூஃப் படம் எடுக்கிற யாரும் இதை யோசித்திருக்க முடியாது. ஊரில் நான் பார்த்த ஆயுதங்கள் களைக்கொத்தி, பருத்திமார் பிடுங்குகிற கொக்கி, வேலிக்கருவேல் வெட்டுகிற அரிவாள். அரிவாள் இருந்தது உண்மை. அது கூரையில் செருகிக் கிடந்தது.

ஆனால் முழுப் பழியையும் சினிமா மேல் போடுவது அழகல்ல. எங்களுக்கும் அந்தச் சீருடை பிடித்திருந்தது. 1990களில் தென்மாவட்டங்களில் நடந்த சாதிக் கலவரங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். ஒரு படப் பாட்டை ஒரு தெருவில் சத்தமாகப் போட்டால் அது பாட்டு இல்லை, சவால் என்று எங்களுக்குத் தெரியும். ஃப்ளெக்ஸ் போர்டில் எந்த நடிகர் யார் பக்கத்தில் நிற்கிறார் என்பதைப் பார்த்தே அது யார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிவிடலாம். ஆக்‌ஷன் படம் எங்களுக்குப் பொழுதுபோக்கு மட்டுமாக இருக்கவில்லை. எப்படி நடக்க வேண்டும், எப்படித் திரும்பிப் பார்க்க வேண்டும், எத்தனை நொடி பேசாமல் நிற்க வேண்டும் என்பதற்கான பாடத்திட்டமாக இருந்தது.

அந்தப் பாடத்தில் முதல் மதிப்பெண் என் பெரியம்மா மகன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். 2005 பொங்கலுக்கு 'திருப்பாச்சி' வந்தது. அதில் விஜய் அரிவாள் அடிக்கிற பட்டறைக்காரர். அண்ணன் அதை நான்கு முறை பார்த்தார். அதன்பிறகு டீக்கடை பெஞ்சில் உட்காருவதற்கே ஒரு பின்னணி இசை தேவைப்பட்டது அவருக்கு. துண்டை உதறுவார், ஒரு காலைத் தூக்கி மறு காலில் போடுவார், பிறகுதான் டீ சொல்வார். அந்த வருடம் கோடையில் பஸ் ஸ்டாப்பில் ஒரு தகராறு. ஆரம்பம் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டால், "அவன் பாத்தான்லா" என்பார். பார்த்தது குற்றம். மொத்தச் சண்டையும் ஒரு நிமிடம் இருந்திருக்காது. ஸ்லோமோஷன் இல்லை. ஒருவரும் பறக்கவில்லை. ஒருத்தனுக்கு நெற்றியில் மூன்று தையல், அண்ணனுக்கு விரல் முறிவு, இரண்டு பக்கமும் வழக்கு. ஒரு நிமிடச் சண்டைக்கு ஐந்து வருடம் கோர்ட். சினிமாவில் தலைகீழாகக் காட்டுவார்கள்: சண்டை கால் மணி நேரம், கோர்ட் ஒரு ஷாட்.

அந்த ஐந்து வருடத்தில் அவருக்கு இரண்டு முறை வெளிநாட்டு வேலை வந்தது. வழக்கு நிலுவையில் இருப்பவருக்கு கோர்ட் அனுமதி இல்லாமல் பாஸ்போர்ட் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. போலீஸ் விசாரணையில் ஃபைல் நின்றது. அண்ணன் ஒரு நூற்பாலையில் ஷிப்டு வேலைக்குப் போனார். துண்டை உதறுவது நின்றுபோனது. பஞ்சு படிந்த தலையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடப்பார்.

அந்த வருடங்களில்தான் கேபிளில் 'லொள்ளு சபா' ஓடியது. விஜய் டிவியில், ராம்பாலா இயக்கத்தில், சந்தானம், ஜீவா, சுவாமிநாதன், மனோகர் என்று ஒரு கூட்டம். பெரிய பெரிய படங்களை எடுத்து, ஒரு அட்டை செட்டுக்குள் வைத்து, காட்சி காட்சியாகப் பிரித்துப் போடுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு எதிர்ப்பு அப்பாவிடமிருந்து வந்தது. சிவாஜி படத்தை அவர்கள் கையில் எடுத்த அன்று, "இவனுவளுக்கு என்ன தகுதி இருக்கு?" என்று எழுந்து வாசலுக்குப் போனார். ஆனால் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வசனம் வரும் முன்பே அசல் வசனத்தை முணுமுணுத்தார். உள்ளிருந்து வந்த மாற்று வசனத்துக்கு அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அசலை மனப்பாடமாக வைத்திருக்கிறவனுக்குத்தான் கேலி முழுதாகப் போய்ச் சேரும். ஒரு படத்தை ஒரு தடவை அரைகுறையாகப் பார்த்தவன் பாதியில் சிரிப்பான். நான்கு தடவை பார்த்தவன் விழுந்து புரள்வான். பகடி என்பது விரோதியின் வேலை இல்லை. ரசிகன் ரசிகனுக்குச் செய்வது.

2010 ஜனவரி 29 அன்று 'தமிழ்ப் படம்' வெளியானது. சி.எஸ்.அமுதனுக்கு முதல் படம், அதற்கு முன் விளம்பரத் துறையில் இருந்தவர். நாயகன் சிவா, ரேடியோவிலிருந்து வந்தவர், 'சென்னை 600028'இல் பார்த்த முகம். எந்தக் கோணத்திலும் ஆக்‌ஷன் நாயகன் இல்லை. பொங்கல் லீவு முடிந்து நான் கிளம்பாமல் நின்ற நாட்கள் அவை. அண்ணனை வற்புறுத்திக் கோவில்பட்டிக்கு இரண்டாம் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். "காமெடிப் படத்துக்கெல்லாம் எதுக்குடே ராத்திரி முழிக்க" என்றபடிதான் வந்தார்.

படம் சினிமாபட்டி என்கிற கிராமத்தில் தொடங்குகிறது. அங்கே ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடுவார்கள். பரவை முனியம்மா பாட்டி ஒரு குழந்தையைக் காப்பாற்றிச் சென்னைக்குக் கொண்டுபோகிறார். அது நாயகனாக வளர்கிறது. அவனுடைய இளைஞர் பட்டாள நண்பர்களாக வருபவர்கள் எம்.எஸ்.பாஸ்கர், மனோபாலா, வெண்ணிற ஆடை மூர்த்தி. பெயர்கள் நகுல், பரத், சித்தார்த். மூன்று வயசாளிகள் கல்லூரிப் பையன்களாக வந்து நிற்கிறார்கள், படத்தில் ஒருவர்கூட அதைக் கவனிப்பதில்லை. எனக்கு அந்தப் படத்திலேயே மிகப் பிடித்தது இந்தக் கவனிக்காமைதான். நாற்பத்தைந்து வயது நாயகன் முதுகில் பையை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போவதை எத்தனை வருடமாக நாமும் கவனிக்காமல் இருந்தோம்?

சிவா சிரிக்கவே மாட்டார். இதுதான் விஷயம். கண்ணைச் சிமிட்டி, "பாருங்க, நான் கேலி பண்றேன்" என்று ஒரு இடத்தில் சொல்லியிருந்தாலும் மொத்தமும் சரிந்திருக்கும். அமெரிக்காவில் 1980இல் வந்த 'ஏர்பிளேன்' படத்தின் ரகசியமும் இதுவே. 'ஜீரோ அவர்' என்ற 1957ஆம் வருடத்து சீரியஸ் விமானப் படத்தின் உரிமையை விலைக்கு வாங்கி, அதன் கதையையும் பல வசனங்களையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். நகைச்சுவை நடிகர்களைக் கூப்பிடாமல், அதுவரை கம்பீரமான வேடங்களில் மட்டும் வந்த லெஸ்லி நீல்சன், ராபர்ட் ஸ்டாக் போன்றவர்களை நடிக்கவைத்தார்கள். வசனத்தை நம்பிச் சொல்லுங்கள், அவ்வளவுதான். கேலிக்குப் புதிதாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. விஜயகாந்த் மேல் மின்சாரம் பாய்ந்தால் மின்சாரத்துக்குத்தான் ஆபத்து என்று 'நரசிம்மா' ஏற்கெனவே சொல்லியிருந்தது. அசலுக்கும் பகடிக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய சவ்வு. அதன் பெயர் நம்பிக்கை. அது கிழியாமல் இருக்க நடிகரும் பார்வையாளரும் பின்னணி இசையும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். யாராவது ஒருவர் மூச்சை விட்டால் போதும்.

தியேட்டரில் அன்று மூச்சை விட்டவர் அண்ணன். முதல் அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாயகியின் அப்பா, பெயரே கோடீஸ்வரன், ஏழைக்குப் பெண் தர முடியாது என்கிறார். நாயகன் சபதம் போடுகிறான். ஒரு பாட்டு. பாட்டு முடியும்போது அவன் கோடீஸ்வரனைவிடப் பெரிய பணக்காரன். 'அண்ணாமலை' காலத்திலிருந்து நாங்கள் கண் கலங்கப் பார்த்த அதே ஒற்றைப் பாட்டு. அண்ணன் முதலில் ஹ்ம் என்றார். பிறகு அவருடைய நாற்காலி ஆடியது. பிறகு முன்சீட்டில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "ஒரே பாட்டுலடே... ஒரே பாட்டு... நா அஞ்சு வருசமா ஷிப்டு அடிக்கேன்..." என்று விட்டு விட்டுச் சொன்னார். இடைவேளைக்குப் பிறகும் சம்பந்தமில்லாத காட்சிகளில் அதே சிரிப்பு திரும்பி வந்தது. படத்தின் கொடூர வில்லன் 'டி' யார் என்று தெரிகிற இடத்தில், அது வளர்த்த பாட்டியேதான், என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ் இல்லை. யாரோ ஏற்றிவிட்ட லோடு ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்து வந்தோம். பஸ் ஸ்டாப் தகராறை அவர் முதல்முறையாக முழுதாகச் சொன்னது அந்த இரவில்தான். அடிக்கப் போகும் முன் தான் சட்டைக் கையை மடித்துவிட்டதை, இரண்டு கையையும் நிதானமாக மடித்ததை, மடித்து முடிப்பதற்குள் எதிராளி முதல் அடியைக் கொடுத்துவிட்டதை. "படத்துல மடிக்கிற வரைக்கும் காத்திருப்பான்லா" என்றார். இருட்டில் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எங்கள் பக்கம் இது புதிது என்றும் சொல்ல மாட்டேன். கோயில் கொடைக்கு ஸ்பெஷல் நாடகம் போடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய 'வள்ளி திருமணம்' என்றால் கூட்டம் அதிகம். ராஜபார்ட் வருவதற்கு முன்பே பபூன் வந்துவிடுவார். ராஜபார்ட் ஆர்மோனியத்தோடு நீட்டி இழுக்கிற அதே ராகத்தில் பபூன் ரேஷன் கடை மண்ணெண்ணெயைப் பாடுவார். ஊர்ப் பெரிய மனிதர்களுக்கும் ஒரு இடி கிடைக்கும். பாதி ராத்திரிக்கு மேல் அதே மேடைக்கு முருகன் வரும்போது, பபூனுக்குச் சிரித்த அதே கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதில்லை. பபூன் இல்லாத நாடகத்தைத்தான் எங்கள் ஊர் பாதியில் எழுந்து போயிருக்கும்.

ஆகவே 'தமிழ்ப் படம்' ஆக்‌ஷன் படங்களைக் கொன்றுவிடும் என்று அப்போது சிலர் எழுதியது எனக்கு வேடிக்கையாகவே இருந்தது. நான்கே மாதத்தில், 2010 மே மாதம், 'சிங்கம்' வந்தது. தூத்துக்குடிப் பக்கத்து நல்லூர், சூர்யா, சுமோக்கள், கர்ஜனை. அண்ணன் முதல் வாரமே போய் விசிலடித்தார். "அன்னைக்கு அப்படிச் சிரிச்சியே" என்றதற்கு, "அது வேற, இது வேற" என்றார். எனக்குத் தெரிந்து ஒன்றுதான் மாறியிருந்தது. தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் அவர் தன் பழைய நடையிலேயே நடந்தார்.

மகாராஷ்டிரத்தில் மாலேகாவ் என்று ஒரு விசைத்தறி நகரம் இருக்கிறது. சங்கரன்கோவிலில் கேட்கிற அதே தறிச் சத்தம். அங்கே வீடியோ பார்லர் நடத்திய ஷேக் நாசிர் என்பவர் உள்ளூர் ஆட்களை வைத்து 'ஷோலே'யைக் கேலியாக மறுபடி எடுத்தார், பிறகு சூப்பர்மேனையும். அந்த சூப்பர்மேன் ஒல்லியான தறித் தொழிலாளி. அவர்களைப் பற்றி ஃபைசா அகமது கான் எடுத்த ஆவணப்படத்தைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர்கள் தங்கள் ஊரை வைத்துப் பெரிய நாயகர்களைக் கேலி செய்தார்கள். 'தமிழ்ப் படம்' சென்னையிலிருந்து வந்தது. சினிமாபட்டி சினிமாவில் மட்டும் இருக்கிற பட்டி. அதைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்கு உண்மையான பட்டியைத் தெரியாமலிருக்கவும் வாய்ப்புண்டு. 2018இல் வந்த இரண்டாம் பாகம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அதற்குள் மீம்ஸ்காரர்கள் அந்த வேலையைப் படம் வந்த அன்று மாலையே முடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

முதல் பாகத்தை டிவியில் போட்டபோது அத்தை கூட உட்கார்ந்து பார்த்தாள். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே பார்த்தாள். ஆண் குழந்தைக்குக் கள்ளிப்பால் என்கிற காட்சி வந்ததும் நாங்கள் சிரித்தோம். பாரதிராஜாவின் 'கருத்தம்மா'வைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு விளக்கினேன். கையிலிருந்த பெட்டியைத் தட்டில் போட்டுவிட்டு, "ஏய்யா, ஆம்பளப் பிள்ளைக்குன்னா சிரிப்பு வருது, என்ன?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த பெட்டியை எடுத்துக்கொண்டாள். மூன்று வயசாளிகள் கல்லூரிக்கு வந்த காட்சியில் எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.

வழக்கு 2011இல் சமரசமாக முடிந்தது. எதிராளியும் அதற்குள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தார், அவசரம் இரண்டு பக்கமும் இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று இருவரும் கோர்ட் வாசல் கடையில் ஒன்றாக டீ குடித்தார்களாம். அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை அறையில் என்ன படம் ஓடியது என்று வாரம் தவறாமல் ஒரு குரல் செய்தி வரும். போன வாரம் ஒரு புதுப் படத்தைப் பற்றி. நாயகன் ஒற்றைக் கையால் லாரியை நிறுத்துகிறானாம். "நல்லாருக்குடே, பாரு" என்று முடித்திருந்தார்.