த்யூவும் வூவும்

மகளுக்கு 14 வயது. பிரெஞ்சை விடப் போகிறாளாம். இங்கிலாந்தில் 2004 முதல் இந்த வயதுக்குப் பிறகு அயல்மொழி கட்டாயமில்லை. "எல்லாரும் இங்கிலீஷ் கதைக்கினம்தானே அப்பா" என்கிறாள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. வேலைவாய்ப்பை நினைத்து அல்ல. போன வருடம் ஒரு மாலை, சிநேகிதரிடம் 'த்யூ', பெரியவர்களிடம் 'வூ' என்று பாடம் சொல்லிக்கொண்டிருந்தவள், சட்டென்று பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்பா, இது நீ, நீங்கள் மாதிரியோ?"

நாங்கள் எத்தனையோ தடவை சொல்லியும் ஏறாத விஷயம். அன்றிரவு யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தபோது, "அம்மம்மா, சாப்பிட்டீங்களோ?" என்றாள். அதுவரை "சாப்பிட்டியா"தான். மறுமுனையில் அம்மம்மா சற்று நேரம் பேசவேயில்லை.

ஆங்கிலத்திலும் 'நீ'க்கு நிகராக 'தௌ' என்றொரு சொல் புழங்கியது. இன்று பொதுப்பேச்சில் யாருக்கும் 'யூ'தான். அந்த மொழிக்குள் மட்டுமே வளரும் பிள்ளைக்கு, இழந்தது என்னவென்றே தெரியாது. என் பிள்ளைக்குத் தமிழின் மரியாதையைத் திறந்து காட்டியது பிரெஞ்சு. அதை எப்படி விடச் சொல்வேன்?

பாடத்தெரிவுப் படிவத்தைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். இன்றிரவு அவளோடு இன்னொரு தடவை உட்கார்ந்து பேசப் போகிறேன்.