தோல்முட்டை

சித்திரையில் ஒரு காலை. கொடாப்பைத் தூக்கினேன்; வைக்கோலில் ஓடில்லாத முட்டை ஒன்று கிடந்தது. கையிலெடுத்தால் குழைந்தது, உள்ளே மஞ்சள்கரு நிழலாகத் தெரிந்தது. அந்த வாரமே இன்னும் இரண்டு. மூன்றும் செவலைப் பெட்டை இட்டவை. கூடவே மேயும் கறுப்பியின் முட்டைகளில் குறையே இல்லை.

வெள்ளைக்கழிச்சலோ என்று பயந்தேன். அந்த நோய் கண்டாலும் முட்டை ஓடு கெடும். கால்நடை மருத்துவர் கொண்டையைப் பார்த்தார், எச்சத்தைப் பார்த்தார், மூச்சைக் கேட்டார். “நோய் மாதிரி தெரியலைங்க. என்ன தீனி?” என்றார்.

“நொய்யும் கம்பும்.”

“ஓடு எதுலிருந்து வருமுங்க?”

அந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது. மஞ்சள்கரு கருப்பையை நோக்கிக் கிளம்பியதிலிருந்து முட்டையாக வெளிவர 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. வெள்ளைக்கரு சேர ஏறக்குறைய 3 மணி நேரம், தோல் போர்த்த 1 மணிக்குச் சற்று மேல். மீதி 20 மணி நேரமும் ஓடு கட்டும் வேலைதான். அதில் பெரும்பகுதி இரவில், இரைப்பை காலியாகிக்கொண்டிருக்கும்போது நடக்கிறது. ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். தானியத்தில் அது மிகக் குறைவு. போதாததைக் கோழி தன் கால் எலும்பின் உட்புறத்திலிருந்து கரைத்து எடுக்கிறது. இதைப் படித்த அன்று நொய்யை அள்ளிப்போடக் கை வரவில்லை.

நாமக்கல் முட்டைப் பண்ணையில் வேலை செய்யும் அக்கா மகனிடம் கேட்டேன். “பொடியா மட்டும் போட்டாப் பத்தாது மாமா, கிளிஞ்சலக் குருணையாவும் போடோணும். அதுதான் ராவெல்லாம் மெதுவாக் கரையும்” என்றான். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 4 சதவீதம் அளவுக்கு இருக்குமாம். வெயிலும் ஒரு காரணம். கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து இரைக்கும். அப்படி இரைக்கையில் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைந்துவிடுகிறது.

கறுப்பி எப்படித் தப்பியது? அது நாட்டுக்கோழி. பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். எலும்புக்கு ஓய்வு கிடைக்கும். செவலை பண்ணை இனம். அடைக்கு உட்காராமல் அநேகமாக நாள்தோறும் இடும்.

பின்கட்டுச் சுவர் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பங்குனி முழுக்கச் செவலை அதன் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திக்கொண்டே இருந்தது. சுவர் பாழாகிறதே என்று குச்சியால் விரட்டியவன் நான். தனக்கு எது இல்லை என்பதை அது ஒரு மாதம் முன்பே காட்டியிருக்கிறது.

இப்போது அந்தச் சுவரடியில் கொட்டாங்கச்சி நிறையக் கிளிஞ்சல் நொறுக்கி வைக்கிறேன். தண்ணீர்த் தொட்டியை வேப்பமர நிழலுக்கு மாற்றிவிட்டேன். முட்டைக்கு ஓடு திரும்பிவிட்டது. கறுப்பி கிளிஞ்சலை இரண்டு கொத்துக் கொத்திவிட்டுப் போய்விடும். செவலை வருவது பொழுது சாயும் நேரத்தில். இரவு வேலைக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டுதான் கொடாப்புக்குள் போகிறது.